சாக்லேட்டுக்கு வாய்த்த ஜோடி

சாப்பாட்டில் ஜோடிப் பொருத்தம் பார்ப்பதற்கு நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடைக்கு அவியல், மிளகு ரசத்துக்குப் பருப்புத் துவையல், தயிர் சாதத்துக்கு நாரத்தங்காய் என்று பாட்டிமார்கள் என்றைக்கோ முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் நமக்கு அண்ணாவாக ஒரு ஜாதியார் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள்தான் பிரெஞ்சுக்காரர்கள். எந்தப் பதார்த்தத்தோடு எந்த ஒயின் சேரும் என்பதை அவர்கள் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போல அலசிப் பார்ப்பார்கள். மீனுக்கு ஒன்று, இறைச்சிக்கு ஒன்று, பாலாடைக்கட்டிக்கு ஒன்று என்று எல்லாவற்றுக்கும் வரன் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர்களையும் திண்டாட வைக்கும் பெண் ஒருத்தி உண்டு. அவள் பெயர் சாக்லேட். எந்த மாப்பிள்ளையைக் கொண்டு வந்து நிறுத்தினாலும், ‘புளிக்கிறான்’, ‘கசக்கிறான்’ என்று தட்டிக் கழித்து விடுவாள். அவள் தலையை ஆட்டிச் சம்மதிக்கும் வெகு சில பேரில் முக்கியமானவன் பன்யூல்ஸ். பிரெஞ்சு தேசத்தின் தென்கோடியில் விளையும் இனிப்பு ஒயின் அது.

ஒயின் என்றதும் முகத்தைச் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உங்களைக் குடிக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு ருசி எங்கே பிறக்கிறது, எதோடு சேர்ந்து வாழ்கிறது, அந்த ருசியை ஜனங்கள் மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம். அடுப்படி தெரிந்தவர்களுக்குத்தான் இது நன்றாக விளங்கும்.

நாலு ஊரும் ஒரு மலையும்

பிரெஞ்சு தேசப் படத்தை எடுத்து, மத்தியதரைக் கடலோரமாகவே தெற்கு நோக்கி விரலை ஓட்டுங்கள். ஸ்பெயின் எல்லைக்குச் சற்று முன்னால், பிரனீஸ் மலை நேரே கடலுக்குள் இறங்குகிற இடம் வரும். அங்கே வரிசையாக நாலு ஊர்கள்: கொலியூர், போர்வாந்தர், பன்யூல்ஸ், செர்பேர். இந்த நாலு ஊர் எல்லைக்குள் விளைந்த திராட்சையில் செய்தால்தான் பன்யூல்ஸ் என்ற பெயரைப் புட்டியில் ஒட்டலாம். 1936-ஆம் வருஷத்திலிருந்து இது சட்டம்.

‘கொலியூர்’ என்ற பெயரைக் கேட்டால் ஏதோ நம் காவேரிக் கரைக் கிராமம் மாதிரி இல்லையா? 1905-ஆம் வருஷம் கோடையில் மத்தீஸ், தெரேன் என்ற இரண்டு ஓவியர்கள் இந்த ஊருக்கு வந்து, கடலையும் படகையும் கண்ணைப் பறிக்கும் வர்ணங்களில் தீட்டினார்கள். அதே வருஷம் பாரிஸ் கண்காட்சியில் அவர்களுடைய படங்களைப் பார்த்த விமர்சகர் ஒருவர், ‘காட்டு மிருகங்கள்’ என்று பெயர் வைத்தார். வசவாக வந்த பெயர் பிறகு ஒரு புகழ் பெற்ற ஓவிய பாணிக்கே பெயராகி நிலைத்துவிட்டது. பெண்ணுருவங்களை வடிப்பதில் பெயர் பெற்ற சிற்பி மாயோல் 1861-இல் பன்யூல்ஸில்தான் பிறந்தார். 1944-இல் அங்கேயே காலமானார்.

ஆனால் இந்த ஊர்களின் மிகப் பெரிய சிற்பத்தைச் செதுக்கியவர்கள் பெயர் தெரியாத குடியானவர்கள். மலை செங்குத்து, மண் என்று சொல்லிக் கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. தகடு தகடாக உடையும் பழுப்பு நிறப் பாறைதான். அந்தத் தகடுகளை எடுத்து, சுண்ணாம்போ சாந்தோ இல்லாமல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பி, மலை முழுவதையும் படிக்கட்டு போல ஆக்கி விட்டார்கள். ஒவ்வொரு படியிலும் சில வரிசைத் திராட்சைச் செடி. இந்தச் சுவர்களை ஒன்றாக நீட்டினால் சுமார் 6,000 கிலோமீட்டர் வரும் என்று கணக்குச் சொல்கிறார்கள். பன்யூல்ஸிலிருந்து பாரிஸுக்கு மூன்று தடவை போய்த் திரும்பினாலும் மிச்சம் இருக்கும்!

அந்தப் பக்கத்தில் மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் கொட்டித் தீர்க்கும். இருக்கிற கொஞ்ச மண்ணையும் அது அடித்துக் கொண்டு போகாமல் இருக்க, படிகளுக்குக் குறுக்கே சாய்வாகக் கல் வாய்க்கால்கள் கட்டி, எல்லாவற்றையும் நடுவில் ஒரு பெரிய வாய்க்காலில் கொண்டு சேர்த்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கோழிக்கால் விரித்தது போல இருக்கும். அந்த ஊர்க் கத்தலான் பாஷையில் அதற்குப் பெயரும் ‘சேவல் கால்’ என்பதுதான்.

இங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. கிரெனாஷ் என்ற ஜாதித் திராட்சை, முழங்கால் உயரப் புதராகக் குந்திக் கொண்டிருக்கும். பிரனீஸ் பக்கமிருந்து வீசும் திராமொந்தான் என்ற வரட்டுக் காற்றுக்கு அப்படிக் குந்தியிருந்தால்தான் பிழைக்கலாம். டிராக்டர் ஏறாது, பழம் பறிப்பது முழுக்கக் கையால்தான். பன்யூல்ஸுக்காக ஒரு ஹெக்டேரில் அதிகபட்சம் 3,000 லிட்டர்தான் எடுக்கலாம் என்பது சட்டம். நம் கணக்கில் ஏக்கருக்குச் சுமார் 1,200 லிட்டர். கிழட்டுச் செடிகளில் அந்த அளவுகூடக் கிடைப்பதில்லை. ஆனால் வெயிலில் வதங்கிய அந்தக் கொஞ்சப் பழத்தில் சர்க்கரை ஏராளம்.

ஊமையாக்கும் வித்தை

ஒயின் ஆவது எப்படி? திராட்சைச் சாற்றில் ‘ஈஸ்ட்’ என்ற நுண்ணுயிர் புகுந்து, சர்க்கரையைத் தின்று சாராயமாக மாற்றுகிறது. தோசை மாவு பொங்குகிற மாதிரிதான் சாறும் சலசலவென்று பொங்கும். விட்டுவிட்டால் சர்க்கரை அத்தனையும் தீர்ந்து போய், இனிப்பே இல்லாத ஒயினாகி விடும்.

பன்யூல்ஸில் அப்படி விடுவதில்லை. சாறு பாதி பொங்கிக் கொண்டிருக்கும் போதே, திராட்சையிலிருந்து வடித்த தூய சாராயத்தை, மொத்த அளவில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை, அதில் ஊற்றி விடுகிறார்கள். ஈஸ்ட் அந்த வேகம் தாங்காமல் செத்துப் போகிறது. பொங்குகிற சத்தமும் அடங்கி விடுகிறது. ஆகவே இந்த வேலைக்குப் பிரெஞ்சில் ‘ஊமையாக்குதல்’ என்ற பொருள் வரும்படி பெயர் வைத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் சர்க்கரை அப்படியே நின்று விடுகிறது. அது கரும்புச் சர்க்கரை அல்ல, பழத்தின் சொந்தச் சர்க்கரை. அதனால்தான் இந்த வகைக்கு ‘இயற்கை இனிப்பு ஒயின்’ என்று பெயர்.

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் வில்நெவ் ஊர் அர்னோ என்ற கத்தலான் வைத்தியர் என்றும், 1285-ஆம் வருஷம் மோன்பெலியே நகரில் அவர் இதைச் செய்து பார்த்தார் என்றும் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். மருந்துக்காகப் பிறந்தது விருந்துக்கு வந்து சேர்ந்தது!

வெயில் காயும் புட்டிகள்

பன்யூல்ஸ் என்பது ஒரே ருசி அல்ல. வளர்க்கும் விதத்தைப் பொறுத்து அண்ணன் தம்பி போல இரண்டு பெரிய வகைகள் உண்டு.

தம்பியின் பெயர் ‘ரிமாஜ்’. இவனைக் காற்றே படாமல் பொத்திப் பொத்தி வளர்த்துச் சீக்கிரமே புட்டியில் அடைத்து விடுவார்கள். நிறம் கரு நாவல். வாயில் வைத்தால் கறுத்த செர்ரிப் பழம், கொடி முந்திரி ஜாம், கொஞ்சம் மிளகு, லேசான துவர்ப்பு.

அண்ணன் வேறு மாதிரி. அவனைப் பீப்பாயில் போட்டு, வேண்டுமென்றே காற்றையும் வெப்பத்தையும் பட விடுவார்கள். சில இடங்களில் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி, திறந்த வெளியில் மாதக் கணக்கில் வெயிலிலும் பனியிலும் வைத்து விடுகிறார்கள். நாம் மொட்டை மாடியில் ஊறுகாய் ஜாடியைக் காய வைப்பதில்லையா? சாட்சாத் அதே காரியம். ‘கிரான் க்ரூ’ என்ற உயர்ந்த தரப் பெயர் வேண்டுமானால் மரப் பீப்பாயில் குறைந்தது 30 மாதம் இருக்க வேண்டும். வருஷம் ஏற ஏற நாவல் நிறம் செங்கல் நிறமாகி, பிறகு தேன் நிறத்துக்கு வருகிறது. பச்சைப் பழ ருசி போய், உலர்ந்த அத்தி, அக்ரோட்டு, வறுத்த காப்பிக் கொட்டை, ஆரஞ்சுத் தோல், காய்ச்சிய சர்க்கரைப் பாகு எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. வெகு காலம் ஆனால் பழைய அக்ரோட்டுப் பருப்பின் எண்ணெய் மணம் போல ஒன்று வரும். அதை ‘ரான்சியோ’ என்று சொல்லி அந்த ஊர்க்காரர்கள் கண்ணை மூடிக் கொள்கிறார்கள்!

வெள்ளைத் திராட்சையில் செய்யும் வெள்ளைப் பன்யூல்ஸும் உண்டு. அதில் தேனும் வெள்ளைப் பூவும் வாதுமையும் மணக்கும்.

பொருத்தம் பார்ப்போமா?

இப்போது சாக்லேட் பெண்ணிடம் வருவோம். அவள் ஏன் மற்ற ஒயின்களை ஒதுக்குகிறாள் என்பதை உங்கள் அடுப்படியிலேயே பரீட்சை செய்யலாம். ஒரு லட்டைத் தின்றுவிட்டு, வழக்கமாகச் சர்க்கரை போட்ட காப்பியை ஒரு வாய் குடித்துப் பாருங்கள். ‘என்ன, சர்க்கரையே போடவில்லையா?’ என்று கேட்பீர்கள். வாயில் பெரிய இனிப்பு இருக்கும் போது சின்ன இனிப்பு கசப்பாகத் தெரியும், அவ்வளவுதான் ரகசியம். இனிப்பில்லாத சிவப்பு ஒயினைச் சாக்லேட்டோடு சேர்த்தால் ஒயின் புளிப்பாகி விடும். அதன் துவர்ப்பும் சாக்லேட்டின் கசப்பும் கூட்டுச் சேர்ந்து நாக்கை வறட்டி விடும்.

பன்யூல்ஸில் லிட்டருக்கு 80, 100 கிராம் வரை சர்க்கரை இருப்பது சகஜம். ஆகவே சாக்லேட்டின் இனிப்புக்கு முன்னால் அது தலை குனிவதில்லை. நாக்கில் படிந்த கோகோ வெண்ணெயை அதிலுள்ள சாராயம் கழுவி விடுகிறது. அதோடு, இரண்டுக்கும் ருசியிலேயே உறவு இருக்கிறது. செர்ரி, காப்பி, கருகிய சர்க்கரை ஆகிய வாசனைகள் இரண்டிலும் உண்டு. இனிப்புக் குறைந்த கறுப்புச் சாக்லேட்டுக்கு, அதிலும் செர்ரி அல்லது ராஸ்பெரி சேர்த்த கேக்குக்கு, தம்பி ரிமாஜ் பொருத்தம். காப்பி, அக்ரோட்டு, பாகு சேர்ந்த சாக்லேட் பணியாரங்களுக்கு அண்ணன்தான் பொருத்தம். பால் சாக்லேட்டுக்கு இருவருமே கொஞ்சம் பெரிய இடம். அதன் மென்மை அடிபட்டுப் போகும்.

அடுத்த பொருத்தம் இனிப்புக்கும் உப்புக்கும். தென் பிரான்ஸின் இன்னொரு மூலையில், ரோக்ஃபோர் என்ற ஊரின் குகைகளில் செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியை நீலப் பூஞ்சை பிடிக்கும்படி வளர்க்கிறார்கள். உப்பும் காரமுமாக முதல் தடவை தின்பவர்களைத் தூக்கி வாரிப் போடும். அதைத் துளி எடுத்து வாயில் வைத்துப் பன்யூல்ஸைப் பருகினால் உப்பு அடங்கும்; இனிப்பு தூக்கலாகத் தெரியும். பாயசத்தில் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறவர்களுக்கு இது அதிசயமாக இராது.

மாமிசம் உண்பவர்கள் வாத்துக் கறியை அத்திப் பழத்தோடோ செர்ரியோடோ சமைத்து, அந்தச் சாற்றிலேயே கொஞ்சம் பன்யூல்ஸை விட்டுச் சுண்ட வைக்கிறார்கள். சைவர்கள் அதைத் தாண்டிப் பேரிக்காய்க்குப் போகலாம். தோல் சீவிய பேரிக்காயை, இலவங்கப் பட்டையும் ஆரஞ்சுத் தோலும் போட்ட பன்யூல்ஸில் மெல்லக் கொதிக்க விட்டு, காய் வெந்ததும் எடுத்து வைத்து, சாற்றைப் பாகாகக் குறுக்கி மேலே ஊற்றுவார்கள். மாணிக்கம் போல் சிவந்து நிற்கும்.

அந்தப் பிரதேசத்துத் தின்பண்டங்களும் இருக்கின்றன. பாலும் முட்டையும் எலுமிச்சைத் தோலும் பட்டையும் சேர்த்துக் காய்ச்சி, மேலே சர்க்கரை தூவிப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் கருக வைக்கும் கத்தலான் பாலேடு ஒன்று. சோம்பு மணக்க, வெள்ளைச் சர்க்கரை பூசிய ‘ருஸ்கிய்’ என்ற வளையப் பணியாரம் மற்றொன்று. இவற்றுக்கு வெள்ளைப் பன்யூல்ஸ் எடுப்பாக இருக்கும்.

எல்லாம் சேரும் என்று நினைத்துவிடக் கூடாது. கொலியூரில் நெத்திலி மீனை உப்பில் போட்டு மாதக் கணக்கில் ஊற வைத்து, முள்ளெடுத்து அடுக்குகிறார்கள். பரம்பரையாகவே பெண்கள் கையால் செய்யும் தொழில் அது. 2004-ஆம் வருஷம் ஐரோப்பியச் சட்டம் அந்த ஊர்ப் பெயருக்குக் காப்புக் கொடுத்தது. ஒரே ஊர்க்காரர்கள் என்றாலும் இந்த நெத்திலிக்கும் இனிப்புப் பன்யூல்ஸுக்கும் ஒட்டாது. அதற்கு இனிப்பில்லாத ரான்சியோ ஒயின் தனியாக இருக்கிறது. எலுமிச்சைப் புளிப்புள்ள பண்டங்களும் பன்யூல்ஸைச் சப்பென்று ஆக்கிவிடும்.

இதைக் குவளை நிறைய ஊற்றுவதில்லை. சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரல் அளவு, கிணற்று ஜலத்தைப் போல் சற்றே குளுமையாக, சுமார் 14 டிகிரி உஷ்ணத்தில் பரிமாறுகிறார்கள். திறந்த பிறகு தம்பியைச் சீக்கிரம் தீர்த்துவிட வேண்டும். காற்றுக்குப் பழகிப் போன அண்ணன் வாரக் கணக்கில் கெடாமல் இருப்பான். சாதாரண ஒயினை விட இதில் சாராயம் அதிகம். நூற்றுக்குப் பதினைந்துக்குக் குறையாது. ஒயின் ஊற்றெடுக்கும் அந்தத் தேசத்திலேயே 1991-இல் சட்டம் போட்டு மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தி, உடம்புக்குத் தீங்கு என்ற எச்சரிக்கையையும் சேர்க்க வைத்தார்கள். எந்த அளவு மதுவும் ஆபத்தே இல்லாதது என்று சொல்ல முடியாது என 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் எடுத்துச் சொன்னது. அதையும் மறக்காமல்தான் இந்தக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும்.

சுவர் விழுந்தால்?

இவ்வளவு பொருத்தம் பார்ப்பது வெறும் நாக்குச் சபலத்துக்காகவா? இல்லை. அந்த நாலு ஊருக்கும் இது ஜீவனப் பிரச்னை.

ஒரு காலத்தில் பிரெஞ்சுக் குடும்பங்களில் சாப்பாட்டுக்கு முன்னால் இனிப்பு ஒயின் ஒரு கிண்ணம் அருந்துவது வழக்கமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அந்த வழக்கம் மங்கிப் போயிற்று. பேரப் பிள்ளைகளுக்கு அது ‘தாத்தா காலத்துச் சரக்கு’ ஆகிவிட்டது. விற்பனை இறங்கியது. அதே திராட்சையில் இனிப்பில்லாத கொலியூர் ஒயினைச் செய்து பலர் சமாளிக்கிறார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் தன் இடத்தை இழந்த பன்யூல்ஸ், சாப்பாட்டுக்குப் பின்னால் சாக்லேட்டின் கையைப் பிடித்துக் கொண்டு இன்னொரு இடம் தேடுகிறது. பொருத்தம் பார்ப்பதன் அவசியம் இப்போது தெரிகிறதல்லவா?

விற்பனை இறங்கினால் மலையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கல்லும் கல்லுமாக அடுக்கிய சுவரை ஒவ்வொரு மழைக்குப் பிறகும் யாராவது பார்த்துச் சரி செய்ய வேண்டும். கிழவர் ஓய்ந்து, பிள்ளை பட்டணத்துக்குப் போய்விட்டால், ஒரு கல் சரியும். அடுத்த மழைக்கு ஒரு முழம் விழும். சில வருஷத்தில் படியும் இல்லை, மண்ணும் இல்லை. அந்த இடத்தில் முட்புதர் மண்டும். அந்தப் புதர் வெயிலில் காய்ந்து வைக்கோலாக நிற்கும்.

2022-இலிருந்து அந்தப் பிரதேசத்தை வருஷக் கணக்கில் கடும் வரட்சி வாட்டியது. 2023 மே மாதத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் விடவும், வண்டி கழுவவும், நீச்சல் குளம் நிரப்பவும் கூடத் தடை போட்டார்கள். அதற்கு முந்தைய ஏப்ரல் மாதத்திலேயே, கோடை பிறக்கும் முன்பே, செர்பேருக்கும் பன்யூல்ஸுக்கும் நடுவில் காட்டுத் தீ பிடித்து 1,000 ஹெக்டேருக்குக் கிட்டத்தட்டச் சாம்பலாயிற்று. எல்லையைத் தாண்டி ஸ்பெயினுக்குள்ளும் நெருப்புப் பாய்ந்தது.

இப்படிப்பட்ட சமயத்தில் நெருப்புக்குத் தடை போடுவது எது தெரியுமா? புல் பூண்டு இல்லாமல் கொத்திச் சுத்தமாக வைத்திருக்கும் திராட்சைத் தோட்டம்தான். பற்றிக் கொள்ள ஒன்றுமில்லாத கல் தரையில் தீ வேகம் இழந்து விடும். தோட்டம் இருக்கிற வரையில் ஊருக்கு ஒரு வேலி உண்டு. தோட்டத்தைக் கைவிட்டால், முன்பு வேலியாக நின்ற அதே மலை விறகாக மாறிவிடுகிறது.

ஆகவே பன்யூல்ஸில் ஒரு குடியானவர் இடுப்பொடியக் குனிந்து விழுந்த கல்லை எடுத்து அடுக்குகிறார் என்றால், எங்கோ பாரிஸ் நகரத்து வீட்டில் ஒரு குடும்பத் தலைவி பிறந்த நாள் கேக்கை வெட்டி வைத்து, ‘இதோடு என்ன பரிமாறலாம்?’ என்று யோசிப்பதும் அதற்கு ஒரு காரணம். அவள் கை அலமாரியில் எந்தப் புட்டிக்குப் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அந்தக் கல் சுவரில் இருப்பதும் சரிவதும்.

வீட்டிலே எந்தப் பதார்த்தத்தோடு எதைச் சேர்ப்பது என்பது பெண்களுக்கு அன்றாடச் சின்ன விஷயம். ஆனால் அந்தச் சின்னத் தீர்மானத்தின் மறு நுனியில் ஒரு வயலோ ஒரு தோப்போ ஒரு மலையோ தொங்கிக் கொண்டிருக்கிறது. நாக்கு மறந்த பயிரை மண்ணும் மறந்து விடுகிறது. இதைத் தெரிந்து கொள்வதற்கு நாம் பன்யூல்ஸைச் சுவைத்துப் பார்க்க வேண்டியதில்லை. லட்டுக்குப் பிறகு காப்பி ஏன் கசக்கிறது என்று தெரிந்தால் போதும்!